காளையோடு பிறந்த கிடேரி: அணைக்கட்டு வட்டாரத்தில் ஒரு மலட்டு நிகழ்வு

வேலூர் மாவட்டம் அணைக்கட்டு வட்டாரத்தில், ஒடுகத்தூர்ச் சாலையிலிருந்து உள்ளே தள்ளியிருக்கும் ஒரு சிற்றூரைச் சேர்ந்த ஜெர்சி கலப்பினக் கிடேரி ஒன்று, இரண்டரை வயதாகியும் சினை பிடிக்கவில்லை என்ற குறையோடு பரிசோதனைக்குக் கொண்டுவரப்பட்டது. இரண்டு கறவை மாடுகளை வைத்து ஊர்ப் பால் கூட்டுறவுச் சங்கத்திற்குப் பால் ஊற்றும் குடும்பம் அது. மாடுகளின் பொறுப்பு முழுவதும் அந்த வீட்டு அம்மாவிடம் இருந்தது. பருவத்திற்கு வராத கிடேரிகள் எங்கள் பகுதியில் அன்றாடம் வருபவைதான். தீவனமும் தாது உப்பும் குடற்புழு நீக்கமும் சரியானதும் அவற்றில் பெரும்பாலானவை தாமாகவே பருவத்திற்கு வந்துவிடுகின்றன. இந்தக் கிடேரியைப் பற்றி விரிவாக எழுதக் காரணம், அதன் குறை அது பிறப்பதற்கு ஏறத்தாழ ஏழு மாதங்களுக்கு முன்பே தாயின் கருப்பைக்குள் முடிவாகிவிட்ட ஒன்று என்பதும், பிறந்த ஒரு மாதத்திற்குள் ஒரு சோதனைக் குழாயை வைத்தே அதைச் சந்தேகித்திருக்க முடியும் என்பதும்தான்.

கிடேரியைக் கன்றாக இருந்தபோது, செவ்வாய்க்கிழமைதோறும் கூடும் பொய்கை மாட்டுச் சந்தையில் வாங்கியிருக்கிறார்கள். வாங்கும்போது அதற்கு ஆறு மாதம் இருக்கும் என்று தரகர் சொல்லியிருக்கிறார். துண்டுக்குள் விரல் பிடித்து விலை பேசிய அந்த வியாபாரத்தில், தாய் எத்தனை லிட்டர் கறந்தது, எத்தனையாவது ஈற்று என்பதெல்லாம் பேசப்பட்டிருக்கின்றன. கன்று ஒற்றையாகப் பிறந்ததா, இரட்டையாகப் பிறந்ததா என்பது பேச்சில் வரவில்லை. யாரும் மறைத்ததாகவும் தெரியவில்லை. அப்படி ஒரு கேள்வி இருப்பதே பலருக்குத் தெரியாது.

"பக்கத்து வூட்டுல அதே சந்தையில வாங்கின கடேரி, கன்னு போட்டு பால் கறந்துகினு இருக்குது சார். இது தின்னுது, வளருது, அவ்ளோதான். ஒரு நாள்கூட கத்தினது கெடையாது" என்றார் அந்த அம்மா. பருவ காலத்தில் மாடு கத்துவது, கண்ணாடி போன்ற சளி ஒழுகுவது, அடிக்கடி சிறுநீர் கழிப்பது ஆகிய எதையும் அவர் கண்டதில்லை. ஆனால் வீட்டுப் பசுக்களில் ஒன்று பருவத்திற்கு வரும் நாளில் இந்தக் கிடேரி அதன்மேல் தாவுவதைக் கண்டிருக்கிறார். அதையே பருவ அறிகுறி என்று எடுத்துக்கொண்டு, வீட்டுக்கே வந்து சினை ஊசி போடும் ஒருவரை அழைத்திருக்கிறார்கள். விந்து செலுத்தும் ஊசித் துப்பாக்கி உள்ளே போகவில்லை. கிடேரி சிறியது, இன்னும் கொஞ்சம் வளரட்டும் என்று சொல்லிவிட்டு அவர் போய்விட்டார். அதன்பின் தாது உப்புக் கலவை, குடற்புழு மருந்து, பருவத்தைத் தூண்டும் ஹார்மோன் ஊசிகள் என்று வரிசையாக நடந்திருக்கின்றன. வெள்ளை முள்ளங்கி, சோற்றுக் கற்றாழை, முருங்கை இலை, பிரண்டை, கறிவேப்பிலை என்று தமிழ்நாட்டில் பரவலாகப் பரிந்துரைக்கப்படும் நாட்டு மருத்துவ முறையையும் அவர் முறைதவறாமல் கொடுத்து முடித்திருந்தார். எதற்கும் அசைவில்லை.

உண்மையில் நோயை உணர்த்தும் குறிப்புகளில் முதன்மையானது அந்தத் துப்பாக்கி நுழையாமல் நின்ற இடம். அன்றைக்கே ஏன் நுழையவில்லை என்று கேட்டிருந்தால், பிந்தைய செலவு முழுவதும் மிச்சமாகியிருக்கும்.

பரிசோதனையில் கண்டவை

கிடேரி இரண்டு பல் போட்டிருந்தது. எனவே சொன்ன வயது பொருந்தியது. உடல் நிலையில் எந்தக் குறையும் இல்லை. வேர்க்கடலைக் கொடியும் கோ-4 புல்லும் கடலைப் பிண்ணாக்கும் தின்று, எடையில் பக்கத்து வீட்டுக் கிடேரியைவிடக் கூடுதலாகவே இருந்தது. கலப்பினக் கிடேரிகள் வளர்ந்த மாட்டின் எடையில் ஏறத்தாழ பாதியை எட்டும்போது பருவமடையத் தொடங்குகின்றன. ஆகையால் தீவனப் பற்றாக்குறையால் வந்த தாமதம் என்ற எளிய விளக்கம் அங்கேயே அடிபட்டுப் போயிற்று. கால்கள் சற்று நீண்டும் கழுத்து தடித்தும், பார்வைக்குக் காயடித்த எருதின் சாயல் தெரிந்தது. மடி என்று சொல்லத்தக்க எதுவும் இல்லை. வயிற்றோடு ஒட்டிய தோலில் நான்கு சிறு காம்புகள் மட்டுமே இருந்தன.

பிறப்புறுப்பின் வெளிவாய் வயதுக்கு மிகச் சிறியதாக இருந்தது. அதன் கீழ்முனையில், வழக்கத்தைவிட நீண்ட முடிக்கற்றை ஒன்று தொங்கியது. அதை விலக்கிப் பார்த்தபோது பெண்குறிக்காம்பு பருத்து வெளியே தெரிந்தது. பசை தடவிய ஒரு மழுங்கிய குழாயை மெதுவாக உள்ளே செலுத்தியபோது, விரல் நீளத்தைத் தாண்டியதும் அது ஒரு மெத்தென்ற சுவரில் முட்டி நின்றது. அளந்தபோது 9 செ.மீ. வளர்ந்த கிடேரியில் யோனியின் நீளம் ஏறத்தாழ 30 செ.மீ. வரை இருக்கும், அதன் முடிவில் கருப்பைக் கழுத்தின் வாய் தெரியும். இங்கே விளக்கு அடித்துப் பார்த்தாலும் கழுத்தோ, அதற்கான துளையோ இல்லை. முட்டுச்சந்து போல வழி அங்கேயே முடிந்திருந்தது.

மலக்குடல் வழியே கைவிட்டுத் தடவியதில் மீதிப் படமும் தெளிவாயிற்று. சினைப் பரிசோதனையில் எவரும் முதலில் தேடுவது கருப்பைக் கழுத்தைத்தான். இடுப்பு எலும்பின் தரையில் கெட்டியாக உருளும் அது கைக்குக் கிடைத்துவிட்டால், அதைப் பிடித்துக்கொண்டே கருப்பைக் கொம்புகளுக்குப் போகலாம். இந்தக் கிடேரியில் அந்தக் கெட்டிப் பகுதியே இல்லை. கருப்பை இருக்க வேண்டிய இடத்தில் சணல் நூல் தடிமனில் இரண்டு இழைகள் மட்டும் தட்டுப்பட்டன. சூலகங்களைத் தேடியபோது இருபுறமும் மொச்சைக் கொட்டையைவிடச் சிறிய, வழவழப்பான இரு முடிச்சுகள் கிடைத்தன; சினைமுட்டை வளரும் சூல்பைகளோ, முட்டை வெளிப்பட்ட இடத்தில் உருவாகும் மஞ்சள் திரளோ இருந்த சுவடு இல்லை. எல்லாவற்றையும்விட முக்கியமானது, சிறுநீர்ப்பையின் கழுத்துக்கு இருபுறமும் திராட்சைக்கொத்து போல முண்டும் முடிச்சுமாகக் கைக்குத் தட்டுப்பட்ட ஒரு சுரப்பி. அது காளைகளில் இருக்க வேண்டிய விந்துச் சுரப்பி. பெண் கன்றில் அது உருவாக வழியே கிடையாது.

இந்த இடத்தில்தான், "இது ரெண்டாப் பொறந்த கன்னாம்மா?" என்ற கேள்வியைக் கேட்டது. அவருக்குத் தெரியவில்லை. தரகரின் கைப்பேசி எண் அவர் கணவரிடம் இருந்தது. தரகர் மூலமாக, கன்றை விற்ற கே.வி.குப்பம் பக்கத்து விவசாயியைப் பிடித்தோம். "ஆமா சார், ரெண்டு கன்னு. மொதல்ல காளைக் கன்னு, அப்பால இது. நஞ்சுக்கொடி வுழாம டாக்டர் வந்துதான் எடுத்தாரு. ஏன் சார், இன்னா ஆச்சு?" என்றார் அவர். இரட்டை ஈற்றில் நஞ்சுக்கொடி தங்கிப்போவது அடிக்கடி நடப்பதுதான் என்பதால் அவருடைய நினைவும் நம்பத்தகுந்ததாக இருந்தது.

பிற காரணங்களை நீக்கிய விதம்

காளையோடு இரட்டையாகப் பிறந்து மலடாகிப்போன கிடேரியைக் கால்நடை மருத்துவத்தில் ஃப்ரீமார்ட்டின் என்பார்கள். சந்தையில் வாங்கிய கன்றின் பிறப்பு வரலாறு தொலைபேசி வழியே கிடைத்ததாக இருக்கும்போது, அதை மட்டும் நம்பி முடிவெடுப்பது சரியாகாது. கருப்பைக் குழாய்களின் ஒரு பகுதி மட்டும் உருவாகாமல் போகும் பிறவிக் குறையிலும் யோனி அடைபட்டிருக்கும். ஆனால் அத்தகைய கிடேரியில் சூலகங்கள் நன்றாக இருக்கும், முறையாகப் பருவத்திற்கும் வரும். சூலகம் மட்டும் சிறுத்துப் போகும் குறையில், கருப்பை சிறியதாக இருந்தாலும் வழி திறந்திருக்கும். குரோமோசோம் அளவில் ஆணாக இருந்து உருவத்தில் பெண்ணாகப் பிறக்கும் கன்றுகளும் அரிதாக உண்டு. எனவே கழுத்து இரத்தக் குழாயிலிருந்து இரத்தம் எடுத்து, உறையாமல் காக்கும் இ.டி.டி.ஏ. குழாயில் அடைத்து, ஒய் குரோமோசோமுக்கு உரிய மரபணுத் துண்டைத் தேடும் பி.சி.ஆர். சோதனைக்கு அனுப்பப்பட்டது. ஹெப்பாரின் குழாயில் எடுத்த இன்னொரு மாதிரி குரோமோசோம் பார்ப்பதற்காகச் சென்றது.

பி.சி.ஆரில் ஒய் குரோமோசோமின் அடையாளம் கிடைத்தது. குரோமோசோம் ஆய்வில், ஒரே விலங்கின் இரத்த வெள்ளணுக்களில் இருவகை அணுக்கள் காணப்பட்டன: மாட்டுக்கு உரிய 60 குரோமோசோம்களோடு இரண்டு எக்ஸ் கொண்டவை ஒரு பகுதி, ஒரு எக்ஸும் ஒரு ஒய்யும் கொண்டவை மறுபகுதி. குரோமோசோம் அளவிலேயே ஆணாகப் பிறந்திருந்தால் எல்லா அணுக்களும் ஒரே வகையாக இருந்திருக்கும். இரண்டும் கலந்திருப்பதற்குப் பொருள், இந்தக் கிடேரியின் எலும்பு மச்சையில் அதன் அண்ணனின் இரத்த மூலச்செல்கள் குடியேறி, இரண்டரை ஆண்டுகளாக அங்கேயே இரத்தம் உற்பத்தி செய்துகொண்டிருக்கின்றன என்பதே.

கருப்பைக்குள் நடந்தது

மாட்டின் சினைக்காலம் ஏறத்தாழ 280 நாள். இரு வெவ்வேறு சினைமுட்டைகள் ஒரே பருவத்தில் வெளிப்பட்டு, இரண்டும் கருவுற்றால் இரட்டைக் கன்றுகள் உருவாகின்றன. அவை இரண்டும் காளைகளாக, இரண்டும் கிடேரிகளாக, அல்லது ஒன்று காளையும் மற்றது கிடேரியுமாக அமையலாம். கணக்குப்படி பாதி இரட்டைகள் மூன்றாம் வகையைச் சேரும். சிக்கல் அந்தப் பாதியில் மட்டுமே.

கருவின் தொடக்க வாரங்களில் காளைக்கும் கிடேரிக்கும் உடலமைப்பில் வேறுபாடே கிடையாது. சிறுநீரகத்தை ஒட்டி உருவாகும் பாலுறுப்புத் திரள், விந்தகமாகவும் சூலகமாகவும் மாறும் தகுதியோடு காத்திருக்கிறது. அதோடு இருவகைக் குழாய்களும் எல்லாக் கருவிலும் இருக்கின்றன. ஒன்று உல்ஃப் குழாய்: ஆணில் விந்துக்குழாயும் விந்துச் சுரப்பியும் ஆகக் கூடியது. மற்றது முல்லர் குழாய்: பெண்ணில் கருக்குழல், கருப்பை, கருப்பைக் கழுத்து, யோனியின் உட்பகுதி ஆகக் கூடியது. ஒய் குரோமோசோமில் உள்ள எஸ்.ஆர்.ஒய். என்ற மரபணு, ஏறத்தாழ 40-ஆம் நாளையொட்டிக் காளைக் கருவின் பாலுறுப்புத் திரளை விந்தகமாக மாற்றுகிறது. இந்த மரபணு கண்டறியப்பட்டது 1990-இல். அடுத்த ஆண்டே, அதை இரண்டு எக்ஸ் கொண்ட எலிக் கருவில் புகுத்தி, விந்தகத்தோடு கூடிய ஆண் எலியைப் பிறக்கச் செய்தார்கள்.

விந்தகம் உருவானதும் அது இரண்டு தனித்தனி ஆணைகளை இரத்தத்தில் அனுப்புகிறது. செர்ட்டோலி செல்கள் சுரக்கும் ஆன்டி-முல்லேரியன் ஹார்மோன் முல்லர் குழாயை அழிக்கிறது. லேடிக் செல்கள் சுரக்கும் டெஸ்டோஸ்டிரோன் உல்ஃப் குழாயைத் தக்கவைத்து வளர்க்கிறது. இவை இரண்டும் வெவ்வேறு ஆணைகள் என்பதை 1940-களில் நிறுவியவர் பிரெஞ்சு உடலியலாளர் ஆல்ஃபிரட் ஜோஸ்ட். முயல் கருக்களின் விந்தகத்தைத் தாயின் கருப்பைக்குள்ளேயே அகற்றியபோது, குரோமோசோம் எதுவாக இருந்தாலும் கருவில் பெண் குழாய்களே வளர்ந்தன. விந்தகத்திற்குப் பதிலாக டெஸ்டோஸ்டிரோனை மட்டும் வைத்தபோது ஆண் குழாய் நிலைத்தது. பெண் குழாய் அழியவும் இல்லை. அழிப்பதற்கு வேறொரு பொருள் வேண்டும் என்று அவர் அன்றே முடிவுகட்டினார்.

ஒற்றைக் கிடேரிக் கருவில் இந்த ஆணைகள் எவையும் பிறப்பதில்லை. உல்ஃப் குழாய் தானாக மறைய, முல்லர் குழாய் கருப்பையாகிறது. காளையோடு சேர்ந்து வளரும் கிடேரிக் கருவின் நிலைமை வேறு. மாட்டின் கருப்பையில் இரு கருக்களின் வெளிச்சவ்வுகளும் மிக விரைவாக நீண்டு, ஒன்றையொன்று தொட்டு ஒட்டிக்கொள்கின்றன. 30 முதல் 40 நாளுக்குள் அவற்றின் இரத்தக் குழாய்களும் இணைந்துவிடுகின்றன. ஒரே மதகிலிருந்து தண்ணீர் பாயும் இரண்டு வயல்களில், ஒன்றில் தெளித்த மருந்து மற்றதிலும் போய்ச் சேர்வதைப் போல, அண்ணனின் விந்தகம் தன் உடலுக்கென்று அனுப்பும் ஆணைகள் தங்கையின் உடலுக்குள்ளும் போய்ச் சேர்கின்றன. இணைப்பு முதலில், விந்தகம் அடுத்து என்ற இந்தக் கால வரிசைதான் எல்லாவற்றையும் தீர்மானிக்கிறது. இணைப்பு சில வாரங்கள் பிந்தியிருந்தால், தங்கையின் கருப்பை அதற்குள் தப்பியிருக்கும்.

50-ஆம் நாளையொட்டித் தங்கையின் சூலகம் வளர்ச்சி குன்றத் தொடங்குகிறது. சினைமுட்டையாக வேண்டிய மூலச்செல்கள் அழிந்துபோகின்றன. அதே நாட்களில் முல்லர் குழாயும் தேய்கிறது. நம் கிடேரியில் கைக்குத் தட்டுப்பட்ட சணல் நூல் போன்ற இழைகள், தேய்ந்துபோன அந்தக் குழாய்களின் மிச்சம். யோனியின் உட்பகுதியை அமைக்க வேண்டிய குழாய் இல்லாமற் போனதால், சிறுநீர்ப் பாதையின் அடிப்பகுதியிலிருந்து தனியே உருவாகும் வெளிப்பகுதி மட்டும் நின்றுவிட்டது. குழாய் 9 செ.மீ. தொலைவில் முட்டியதன் காரணம் இதுவே. ஊசித் துப்பாக்கியும் இதே சுவரில்தான் முட்டியிருக்க வேண்டும். சூல்பை இல்லாத சூலகத்தால் ஈஸ்ட்ரோஜன் சுரக்க முடியாது. ஈஸ்ட்ரோஜன் இல்லாமல் பருவமும் இல்லை, மடி வளர்ச்சியும் இல்லை. பருவத்தைத் தூண்டுவதற்காகப் போட்ட ஊசிகள் அனைத்தும் சூல்பைகளைத் தூண்டவோ மஞ்சள் திரளைக் கரைக்கவோ செய்யப்பட்டவை. இரண்டும் இல்லாத இடத்தில் அவை செய்யத்தக்கது எதுவும் இல்லை.

அப்படியானால் இந்தக் கிடேரி ஏன் முழுக் காளையாக மாறவில்லை? வெளித்தோற்றம் ஏன் பெரும்பாலும் பெண்ணாகவே நின்றது? ஜோஸ்டின் இரு ஆணைகளை வைத்துப் பார்த்தால் விடை ஓரளவு கிடைக்கிறது. அண்ணனிடமிருந்து வந்த அழிப்பு ஹார்மோன் முழு வேகத்தில் வேலை செய்திருக்கிறது. டெஸ்டோஸ்டிரோனின் வேலை அரைகுறையாகவே நடந்திருக்கிறது. விந்துச் சுரப்பி உருவாகும் அளவுக்கும், பெண்குறிக்காம்பு பருக்கும் அளவுக்கும் அது போதுமானதாக இருந்திருக்கிறது. ஆண்குறியும் விதைப்பையும் உருவாகும் அளவுக்கு இல்லை. சினைப் பசுக்களுக்கு ஆண் ஹார்மோனை மட்டும் செலுத்திப் பார்த்த ஆய்வுகளில் இதற்கு நேர்மாறாக நடந்தது: கிடேரிக் கன்றின் வெளியுறுப்பு ஆண்தன்மை பெற்றது, கருப்பை அழியவில்லை. ஃப்ரீமார்ட்டினை உருவாக்கும் முதல் குற்றவாளி டெஸ்டோஸ்டிரோன் அல்ல என்பதற்கு இதைவிடத் தெளிவான சான்று வேண்டியதில்லை. ஆண் ஹார்மோன் என்றால் டெஸ்டோஸ்டிரோன் மட்டுமே என்று பாடப்புத்தகம் மனத்தில் பதித்துவிடும் எண்ணத்தை, இந்த ஒரு கிடேரி உடைத்துப்போடுகிறது.

இக்குறையை முதன்முதலில் அறுத்துப் பார்த்து விரிவாக எழுதியவர் லண்டன் அறுவை மருத்துவர் ஜான் ஹண்டர், ஆண்டு 1779. காரணத்தை இரத்தக் குழாய் இணைப்போடு தொடர்புபடுத்தியவர்கள் 1911-இல் ஆஸ்திரியாவின் டான்ட்லரும் கெல்லரும். அவர்களை அறியாமலேயே சில ஆண்டுகளுக்குப் பின் அதே முடிவுக்கு வந்தவர் சிகாகோவின் ஃபிராங்க் லில்லி. இறைச்சிக் கூடங்களிலிருந்து பெற்ற, இரட்டைக் கருக்களைச் சுமந்த கருப்பைகளை ஆராய்ந்துதான் லில்லி இதைக் கண்டார். மற்றொரு பக்கக் கதையும் உண்டு. 1945-இல் விஸ்கான்சினில் ரே ஓவன், இரட்டைக் கன்றுகள் ஒவ்வொன்றின் உடலிலும் இரு வகை இரத்த அணுக்கள் கலந்து வாழ்நாள் முழுதும் நிலைத்திருப்பதைக் கண்டார். அந்நிய அணுக்களை உடல் ஏன் விரட்டவில்லை என்ற கேள்வி அங்கே பிறந்தது. பிரிட்டனில் பீட்டர் மெடவார், ஒட்டுத்தோல் வைத்து ஒற்றை முட்டை இரட்டைகளையும் இரு முட்டை இரட்டைகளையும் பிரித்தறியப் போனார். காளையும் கிடேரியுமாகப் பிறந்த இரட்டைகள்கூட ஒன்றன் தோலை மற்றொன்று ஏற்றுக்கொண்டதைக் கண்டு திகைத்தார். கருவிலேயே அறிமுகமான அந்நியனை உடல் தன்னவனாகவே நடத்தும் என்ற கொள்கைக்காக அவரும் மெக்ஃபார்லேன் பர்னெட்டும் 1960-இல் நோபல் பரிசு பெற்றார்கள். உறுப்பு மாற்றுச் சிகிச்சைக்கான அடிப்படை ஆய்வுகளில் ஒன்று மாட்டுத் தொழுவத்திலிருந்து கிளம்பியது என்பது, மாட்டு வைத்தியம் பார்க்கிற எவருக்கும் கொஞ்சம் பெருமைதான்.

குடும்பத்தார் கேட்டவை

அந்த அம்மாவின் கேள்வி நேரடியானது: "எங்க நாத்தனாருக்கு பையனும் பொண்ணுமா ரெட்டைப் புள்ளைங்க சார். அந்தப் பொண்ணுக்கு இப்படி ஏதாச்சும் வருமா?" வராது என்று உறுதியாகச் சொல்ல முடிந்தது. மனிதரில் ஆணும் பெண்ணுமான இரட்டைகளுக்குத் தனித்தனி நஞ்சுக்கொடிகள். அவை பக்கத்தில் வளர்ந்து ஒட்டிக்கொண்டாலும் இரத்தக் குழாய்கள் இணைவது மிக மிக அரிது. தங்கையின் கருப்பை அண்ணனின் ஹார்மோனைப் பார்ப்பதே இல்லை. மார்மோசெட் என்ற தென்னமெரிக்கக் குரங்கில் இரட்டைகளின் இரத்தம் கலக்கிறது. இருந்தும் பெண்கள் மலடாவதில்லை. ஆக, இரத்தக் கலப்பு மட்டுமே போதுமான காரணம் ஆகாது. அந்தந்த இனத்தின் உடல், வரும் ஹார்மோனை எப்போது, எப்படி எதிர்கொள்கிறது என்பதும் சேர்ந்தே முடிவைத் தருகிறது. நம் ஊர் வெள்ளாடுகளில் இரட்டைக் குட்டி என்பது வழக்கம். ஆனால் ஆட்டில் ஃப்ரீமார்ட்டின் அரிது. கொம்பில்லாக் கிடாவையும் கொம்பில்லாப் பெட்டையையும் சேர்க்கும்போது பிறக்கும் இருபால் குட்டிகளின் கதை வேறு: அது ஒரு மரபணுத் துண்டு இழப்பால் வருவது, உடன்பிறந்த கிடாவோடு அதற்குத் தொடர்பில்லை.

இரண்டாவது கேள்வி, மருந்தோ அறுவையோ உண்டா என்பது. இல்லை. அழிந்த குழாயை வளர்க்கும் மருந்து எதுவும் கிடையாது.

மூன்றாவது கேள்வியை விற்றவர் கேட்டார்: அந்தத் தாய்ப் பசு இன்னும் அவரிடம் இருந்தது, அதை விற்றுவிட வேண்டுமா? வேண்டியதில்லை. தாயின் கருப்பையில் குறை எதுவும் இல்லை. இரட்டை உருவானது ஒரு பருவத்தில் இரண்டு முட்டை வெளிப்பட்டதால். ஒருமுறை இரட்டை ஈன்ற பசு மறுமுறையும் ஈனும் வாய்ப்பு மற்றவற்றைவிடக் கொஞ்சம் கூடுதல் என்பதை மட்டும் நினைவில் வைத்து, அடுத்த ஈற்றில் எத்தனை கன்று, எந்தப் பால் என்பதைக் குறித்து வைத்தால் போதும்.

கன்றாக இருக்கையில் செய்ய வேண்டியது

காளையோடு பிறக்கும் கிடேரிகளில் 100-க்கு 90-க்கு மேல் ஃப்ரீமார்ட்டின்களே. மீதிக் கன்றுகளில் இரத்தக் குழாய் இணையாமல் போய், முழுக் கருவளத்தோடு வளர்கின்றன. எனவே இரட்டையாகப் பிறந்தது என்று கேட்டவுடனே கழித்துக்கட்டுவதும் தவறு, பார்க்கலாம் என்று இரண்டு ஆண்டு தீனி போட்டு வளர்ப்பதும் தவறு. பிறந்து ஓரிரு வாரம் முதல் ஒரு மாதத்திற்குள், ஏறத்தாழ ஒன்றரை செ.மீ. விட்டமுள்ள, முனை மழுங்கிய, பசை தடவிய சோதனைக் குழாயை மெதுவாகச் செலுத்திப் பார்க்கலாம். நல்ல கன்றில் அது 12 செ.மீ.க்கு மேல் எளிதாகப் போகும். ஃப்ரீமார்ட்டினில் 5 முதல் 8 செ.மீ.க்குள் நின்றுவிடும். சாய்வு தவறினால் சிறுநீர்க் குழாயின் வாயில் முட்டி ஏமாற்றும் என்பதால், இதைப் பழகிய கையே செய்ய வேண்டும். கன்று துள்ளும்போது திணிக்கவே கூடாது. ஆழம் ஐயத்திற்கிடமாக இருந்தால் சிறிது இரத்தமும் ஒரு பி.சி.ஆர். சோதனையும் போதும். இரத்தத்தில் ஆண் அணுக்களின் விகிதம் கூடுதலோ குறைவோ, அதை வைத்து உறுப்புகளின் பாதிப்பை அளவிட முடியாது. இருக்கிறதா இல்லையா என்பதே கேள்வி.

ஒற்றையாகப் பிறந்த கிடேரியிலும் இதை முற்றாக ஒதுக்கிவிட முடியாது. இரத்தக் குழாய்கள் இணைந்தபின் காளைக் கரு கருப்பைக்குள்ளேயே இறந்து கரைந்துபோனால், தங்கை மட்டும் தனியாகப் பிறக்கும்; ஈன்றவரும் விற்றவரும் வாங்கியவரும் இரட்டை என்றே அறிய மாட்டார்கள். ஆகையால் பருவத்திற்கு வராத எந்தக் கிடேரிக்கும், ஹார்மோன் ஊசியை எடுப்பதற்கு முன், யோனியின் ஆழத்தை ஒருமுறை பார்த்துவிடுவது நல்லது. சில நிமிட வேலை அது.

உயிரோடு இருக்கும் விலங்கு என்பதால் அந்த இரு முடிச்சுகளின் திசுவை நுண்ணோக்கியில் பார்க்க வாய்ப்பில்லை. சில ஃப்ரீமார்ட்டின்களின் சூலகத்தில் விந்தகக் குழல்களைப் போன்ற அமைப்பு உருவாகி, சிறிதளவு ஆண் ஹார்மோனும் சுரக்கும். பருவத்தில் இருந்த பசுவின்மேல் இந்தக் கிடேரி தாவியதற்கு அது விளக்கமாகலாம். அதையே ஒரு பயனாகவும் சொல்லி வைத்தோம்: சினையாகவும் முடியாத, சினையாக்கவும் முடியாத இந்தக் கிடேரி எந்தப் பசுவின்மேல் தாவுகிறதோ, அந்தப் பசு பருவத்தில் இருப்பதற்கான வாய்ப்பு அதிகம். அந்த அம்மாவின் இரண்டு கறவைகளில் ஒன்று, கத்தாமல் கமுக்கமாகப் பருவத்திற்கு வந்துபோகும் ரகம். ஊசி போடும் நாளைத் தவறவிட்டு ஏற்கெனவே பல மாதம் வறண்டு கிடந்த மாடு. கிடேரியை அடுத்த கோடை வரை அவிழ்த்துவிட்டுக் கூடவே மேய்ப்பது, பிறகு வாங்குபவரிடம் உண்மையைச் சொல்லி விற்பது என்று குடும்பம் முடிவெடுத்தது. அண்ணன் காளைக்கன்று முன்பே அதே சந்தையில் கைமாறிப் போயிருந்ததால், அதைத் தேடிப் பிடித்து இரத்தம் பார்க்க இயலவில்லை. பார்த்திருந்தால் அதன் இரத்தத்திலும் தங்கையின் அணுக்கள் இருந்திருக்கும்.